எட்டுப் பாதை ஓரம்

மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்ன மாநகராட்சிப் பூங்கா. வாட்ச்மேன் அதன் இரும்புக் கதவைக் காலை ஐந்து மணிக்குத் திறக்கிறார். அதற்கு முன்பே நாலைந்து பேர் வெளியே காத்திருக்கிறார்கள். ஒருவர் கைகளை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருக்கிறார். ஒருவர் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிக்கிறார். மாம்பலம் ஸ்டேஷனை மின்சார ரயில் கடக்கும் சத்தம் கேட்கிறது. கதவு திறந்ததும் நலம் விசாரிப்பு தொடங்குகிறது.

"ஃபாஸ்டிங் எவ்ளோ சார்?"

"146."

"பரவால்லியே. போன மாசம் 170ன்னீங்க?"

"மாத்திரையைக் கூட்டிட்டாரு. நானும் நடையைக் கூட்டிட்டேன்."

பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், எந்த இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார் என்பதெல்லாம் பிறகு மெல்லத் தெரியவரும். முதல் அறிமுகம் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவுதான்.

நான் வேப்ப மரத்தடி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். என் நடையை முடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன், காதில் விழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பேச்சில் கலந்துகொள்வதில்லை. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று ஐ.சி.எம்.ஆர். துணையுடன் நடந்த பெரிய ஆய்வு 2023ல் சொன்னது. அவ்வளவு பெரிய எண் மனதில் தங்குவதில்லை. இந்த வட்டப் பாதையில் சுற்றுகிறவர்களின் முகங்கள் தங்கிவிடுகின்றன.

அவர்களில் ஒரு மாமி. அறுபத்தைந்து வயது இருக்கும். நூல் புடவை, வெள்ளை கான்வாஸ் ஷூ, இடுப்பில் செருகிய கைக்குட்டை. உதடு அசைந்துகொண்டே இருக்கும், விஷ்ணு சகஸ்ரநாமம். கையில் கடிகாரம் கிடையாது. ஒரு பாராயணம் முடிந்தால் அரை மணி ஆயிற்று என்று கணக்கு. மிதமான வேகத்துக்கு மருத்துவர்கள் ஓர் எளிய அடையாளம் சொல்வார்கள்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மாமி சாதாரண நாட்களில் இழுத்து நிறுத்தி, சுருதி பிசகாமல் சொல்லிக்கொண்டு போவார். நல்ல நடைதான், ஆனால் சர்க்கரைக்குக் கொஞ்சம் போதாத நடை. தாமதமாக வந்த நாட்களில், வீட்டில் யாரோ ஆபீஸ் கிளம்பக் காத்திருக்கும் அவசரத்தில், நாமத்துக்கும் நாமத்துக்கும் நடுவே மூச்சு வாங்கும். நெற்றியில் வியர்வை அரும்பும். அந்த வேகம்தான் வேண்டியது. அதை அவருக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

சனி, ஞாயிறுகளில் மட்டும் ஓர் இளைஞர் வருகிறார். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். வந்ததும் ஓட்டம்தான். நடப்பவர்களுக்கு நடுவே புகுந்து, பனியன் உடம்போடு ஒட்டும்வரை ஓடுகிறார். ஒரு நாள் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து அம்மாவுடன் போனில் பேசினார். "வீக் டேஸ்ல எங்கம்மா டைம்? அதான் ரெண்டு நாள்ல சேத்து ஓடிடறேனே." பிறகு குரல் தாழ்ந்தது. "ஹெச்பிஏ1சி 8.1 வந்திருக்கு. அப்பாகிட்ட சொல்லாத."

அந்தக் குரல் நாள் முழுக்க எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். அதற்கு இன்சுலின் வந்து சொல்ல வேண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் தசை அந்தச் சொல்லுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஆனால் வேலை செய்யும் தசை இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. அது சுருங்கி விரியும்போது, சர்க்கரையை உள்ளே எடுக்கும் புரதங்கள் தாமாகவே தசை அணுக்களின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. நடை நின்ற பிறகும், இன்சுலினுக்குத் தசை இணங்கிப்போகும் தன்மை ஒரு நாள், இரண்டு நாள் நீடிக்கும். பிறகு தேய்ந்துவிடும். வாரத்துக்கு 150 நிமிடம் என்று சொல்லும் மருத்துவ வழிகாட்டுதல்கள், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதே என்றும் கூடவே சொல்வது இதனால்தான். அந்த இளைஞரின் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் புதன்கிழமைக்குள் செலவாகிவிடுகிறது. வியாழனும் வெள்ளியும் நாற்காலியில் கழிகின்றன. அவர் உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. அதே உழைப்பை ஐந்து நாளுக்குப் பிரித்துக்கொள்ளச் சொல்ல ஆள் இல்லை.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். கையோடு குளுக்கோமீட்டர் கொண்டுவருவார். வாசலில் விரலைக் குத்திப் பார்ப்பார், சின்ன டைரியில் குறிப்பார், நடப்பார், திரும்பக் குத்துவார், திரும்பக் குறிப்பார். இத்தனை ஒழுங்கோடு தன் உடம்பைக் கவனிக்கும் மனிதர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு நாள் அவர் முகம் விழுந்துபோயிற்று.

"போகும்போது 138. வேகமா நாலு கிலோமீட்டர் நடந்துட்டு வந்து பாத்தா 164. எதுக்கு சார் நடக்கணும்?"

பக்கத்திலிருந்தவர் மீட்டர் கோளாறு என்றார். இன்னொருவர் வெந்தயத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். மூன்றாமவர் தன் மைத்துனருக்கு நடந்த கதையை ஆரம்பித்தார். டைரிக்காரர் எதையும் கேட்டமாதிரி இல்லை. மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மீட்டரில் கோளாறு இல்லை. விடியற்காலையில் கார்டிசால் முதலான ஹார்மோன்கள் ஏறி, எழுந்து நடமாடுவதற்காகக் கல்லீரலைச் சர்க்கரை விடச் சொல்கின்றன. மூச்சிரைக்க நடந்தால் அட்ரினலினும் சேர்ந்துகொள்ளும். தசை எடுத்துக்கொள்வதைவிடக் கல்லீரல் விடுவது கூடிவிட்டால், அந்த நேரத்து எண் ஏறித்தான் காட்டும். பின்னால் இறங்கும். நடந்து முடித்த நிமிடத்தில் குத்திப் பார்த்து நடைக்கு மதிப்பெண் போடக் கூடாது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சியைப் பார்க்க வேண்டும். தொடர்ந்து உடற்பயிற்சி செய்தவர்களிடம் அது ஏறத்தாழ 0.66 புள்ளி இறங்கியிருந்ததை 2001ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. அவர்களுக்கு உடல் எடை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. எடை குறையாமலே சர்க்கரை குறைந்தது. தராசில் முள் நகரவில்லையே என்று நடையை விட்டவர்கள் எத்தனை பேர் இந்த ஊரில்! அவர்களிடம் சொல்ல வேண்டிய செய்தி இது.

சில வாரம் கழித்து டைரிக்காரர் மறுபடி வந்தார். கையில் மீட்டர் இல்லை, கூட மகள் வந்தார். யார் என்ன சொல்லி அழைத்து வந்தார்களோ தெரியாது. நடையில் பழைய வேகம் இல்லை. ஆனாலும் வந்துவிட்டாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

பூங்காவின் வடகிழக்கு மூலையில் எட்டுப் பாதை இருக்கிறது. சென்னைப் பூங்காக்களில் இது இப்போது பரவலாகிவிட்டது. தரையில் எட்டு வடிவில் தடம் போட்டிருக்கும். தெற்கு வடக்காக நடக்க வேண்டும் என்பார்கள். எட்டாக நடந்தாலும் வட்டமாக நடந்தாலும் தசைக்கு எல்லாம் ஒன்றுதான். சர்க்கரையைக் குறைக்கும் தனிச் சக்தி அந்த வடிவத்தில் இருப்பதாக நான் நம்பவில்லை. ஆனால் மழைக்காலத்தில் தெருவில் நடக்க முடியாதவர்கள் மொட்டை மாடியில் சின்ன எட்டு ஒன்று வரைந்துகொண்டு நடக்கிறார்கள். அதைப் பார்த்தால் அந்த எட்டை வாழ்த்தத் தோன்றுகிறது. எனக்குக் கவலை எட்டில் இல்லை. அதை ஒட்டிக் கூழாங்கல் பதித்து ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். வெறுங்காலில் நடக்க வேண்டும், பாதத்தில் இருக்கும் நரம்பெல்லாம் தூண்டப்படும் என்பது நம்பிக்கை.

வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் தினமும் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு அதில் ஏறுகிறார். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, கையை விரித்துச் சமாளித்துக்கொண்டு நாலடி வைப்பார்கள். இவர் கூடத்தில் உலாவுவது மாதிரி நடக்கிறார்.

"எப்பிடிங்க ஐயா?" என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டார்.

"ஒண்ணுமே தெரியலீங்க. பழகிப்போச்சு. இருவது வருசமா சுகரு. நம்மள என்னா பண்ணிடும்?"

பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பழகியதால் தெரியாமல் இருக்கலாம். இருபது வருடச் சர்க்கரை நோயில் நரம்பு மரத்துப்போனதாலும் தெரியாமல் இருக்கலாம். என் பெரியப்பா ஒரு சித்திரை மாதத்து மதியத்தில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலில் சுற்றிவிட்டு வந்தார். கல் சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது பெரியம்மாதான் உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்த்தார். கொப்புளம் புண்ணாயிற்று. புண் ஆறவில்லை. கடைசியில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அவர் அழவில்லை, வலிக்கவில்லையே, பிறகு எப்படி இவ்வளவு ஆச்சு என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வலிக்காததுதான் ஆபத்து. மருத்துவமனைகளில் மெல்லிய நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஓரிரு நிமிடச் சோதனை. ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும். அந்தத் தொடுதல் தெரியாதவர் கூழாங்கல் பாதையில் கால் வைக்கவே கூடாது. வீட்டுக்குள்கூட வெறுங்காலில் நடக்கக் கூடாது. மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு அல்லது சரியான அளவில் ஷூ, பருத்திச் சாக்ஸ், போடுவதற்கு முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிக் கைவிட்டுப் பார்ப்பது, இரவில் படுக்குமுன் பாதத்தை, விரலிடுக்குகளை வெளிச்சத்தில் பார்ப்பது. குனிய முடியாதவர்கள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். புண் இருக்கும்போது நடையை நிறுத்திவிட்டு, உட்கார்ந்தபடி கைகளுக்கு வேலை கொடுக்கலாம். மாநகராட்சி அந்தக் கல் பாதையின் தலைப்பில் ஒரு பலகை வைக்க வேண்டும்: சர்க்கரை நோயாளிகள் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளாமல் இதில் ஏற வேண்டாம் என்று. ஒரு பலகை வைக்க எவ்வளவு ஆகிவிடும்?

தை மாதத்துப் பனிக் காலை ஒன்று. தெருமுனை மளிகைக்கடைக்காரர் எப்போதும் கடை திறக்குமுன் வந்து பத்துச் சுற்றுப் போவார். அன்று ஏழாவதோ எட்டாவதோ சுற்றில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முதலில் கவனித்தது வாசலில் கீரை விற்கும் அம்மா. எல்லோரும் தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டிருந்த குளிரில் அவர் சட்டை முழுக்க வியர்வை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டதற்கு ஏதோ குழறினார். கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் நெஞ்சு வலி என்றார். இன்னொருவர் குடித்திருப்பாரோ என்று மெதுவாகக் கேட்டார். யாரோ தண்ணீரை முகத்தில் தெளித்தார்கள்.

"சுகர் எறங்கிடுச்சு. எங்க வூட்டுக்காருக்கும் இப்டித்தான் ஆவும்" என்று சொல்லிக்கொண்டே கீரைக்கார அம்மா எதிர் டீக்கடைக்கு ஓடினார். ஒரு தம்ளர் தண்ணீரில் மூன்று நாலு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தார். நன்றாகப் படித்தவர் போலிருந்த ஒருவர் குறுக்கே கையை நீட்டினார்.

"சுகர் பேஷன்ட்டுக்குச் சர்க்கரையா குடுக்கறது?"

"நீ கம்முனு இரு சார்."

உட்கார வைத்து, தோளில் சாய்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மளிகைக்கடைக்காரரின் கண் தெளிந்தது. மணி என்ன என்று கேட்டார். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு, சரக்கு லாரி வந்ததால் இட்லியை அப்படியே விட்டுவிட்டு, லாரி போனதும் நேரே நடக்க வந்திருக்கிறார். கீரைக்கார அம்மா அவரை பன் ஒன்று தின்ன வைத்த பிறகுதான் கூடையைத் தூக்கினார். அன்றைக்கு ஓர் உயிருக்கு வரவிருந்த ஆபத்தை விலக்கிய கை அவருடையது.

எல்லா மாத்திரையும் இப்படிச் செய்யாது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இப்படிச் சரிவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும்தான் நடக்கும்போது விழிப்பாக இருக்க வேண்டும். தொடையில் இன்சுலின் போட்டுக்கொண்டு உடனே வேகமாக நடந்தால் மருந்து சீக்கிரமாக ரத்தத்தில் கலந்துவிடும். கிளம்பும்போதே சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். 70க்குக் கீழே இறங்கினால் அது அவசரம்: 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; 108ஐ அழைக்க வேண்டும். மாலையில் வழக்கத்தைவிடக் கடுமையாகப் பயிற்சி செய்தால், அன்று நடு இரவில் தூக்கத்திலும் இறங்கலாம். அந்தக் காலையில் அத்தனை சர்க்கரை நோயாளிகள் ஒரே பூங்காவில் இருந்தார்கள். ஒருவர் பையிலும் ஒரு பொட்டலம் குளுக்கோஸ் இல்லை.

வாசலில் அருகம்புல் சாறு, பாகற்காய்ச் சாறு, வாழைத்தண்டுச் சாறு. இரண்டு அடி தள்ளி மெதுவடை. அரை மணி வேக நடையில் செலவாவது ஏறத்தாழ 120 முதல் 150 கலோரி; ஒன்றிரண்டு வடை அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். நண்பர்களோடு நின்று டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தனிமையில் இருக்கும் பல முதியவர்களை வீட்டை விட்டு வெளியே இழுத்து வருவதே அந்தப் பேச்சுதான். வடையை மட்டும் விட்டுவிடலாம்.

பூங்காவில் பார்த்தவர்களைச் சொன்னேன். பூங்காவிலேயே இருந்தும் நடக்காதவர் ஒருவர் உண்டு. கதவைத் திறந்துவிடும் வாட்ச்மேன். பிளாஸ்டிக் நாற்காலியில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் சர்க்கரை நோய் இருக்கிறது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிவந்த உறையை நாற்காலிக் கையில் சுருட்டி வைத்திருப்பதைப் பார்க்கிறேன். "நமக்கு எங்க சார் வாக்கிங்? கேட்ட விட்டு நகர முடியாது" என்று ஒரு முறை யாரிடமோ சொன்னார். ரப்பர் செருப்போடு வந்து இருபது நிமிடம் பறந்துவிட்டு ஆறு மணிக்குள் ஓடும் ஒரு பெண்ணுக்கும் இதே நிலைதான். குக்கர் வைக்க வேண்டும், டப்பா கட்ட வேண்டும். அந்த இருபது நிமிடம்கூடக் கிடைக்காத எத்தனையோ பெண்கள் ஜன்னல் வழியே பூங்காவைப் பார்த்துக்கொண்டு தோசை வார்க்கிறார்கள்.

அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் செய்தது, 2016ல் வெளியானது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 41 பேர். நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் சேர்ந்தாற்போல் நடந்ததையும், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடம் நடந்ததையும் ஒப்பிட்டார்கள். மொத்த நேரம் ஒன்றேதான். சாப்பாட்டுக்குப் பின் நடந்தபோது, சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்திருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 சதவீதம். நம் ஊரில் இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு, பிறகு டிவி, பிறகு படுக்கை. அந்தப் பத்து நிமிடத்துக்குப் பூங்கா வேண்டாம், ஷூகூட வேண்டாம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தால் போதும். வாட்ச்மேன் கேட்டை விட்டு நகரவே வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கேட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மூன்று நிமிடம் நடந்தால் அதுவும் மருந்துதான்.

உடற்பயிற்சிச் சாதனங்கள் ஒரு வரிசையாக நிற்கின்றன. சிவப்பும் மஞ்சளும் பெயின்ட் அடித்தவை. மாலையில் குழந்தைகள் அவற்றில் ஊஞ்சலாடுகிறார்கள். ஐம்பது தாண்டிய பெண்கள் ஒருவரும் அருகே போய்ப் பார்த்ததில்லை. இது எனக்கு மெய்யாகவே வருத்தம். நம்மவர்களுக்கு எடை அதிகம் இல்லாவிட்டாலும் வயிற்றில் கொழுப்பு அதிகம், தசை குறைவு. சர்க்கரையை வாங்கி வைக்கும் இடமே தசை என்றால், அந்த இடம் சின்னதாகிக்கொண்டே போவதை நடை மட்டும் முழுக்கத் தடுக்காது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்குப் பலம் கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது, இவையே தொடக்கத்துக்குப் போதும். விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமானதைத் தூக்கக் கூடாது; கண்ணில் ரத்தக் கசிவு ஏற்படலாம். கண் மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். நடையில் நெஞ்சு அழுத்தமோ வழக்கமில்லாத மூச்சுத் திணறலோ வந்தால் பெருமை பார்க்காமல் நிறுத்திவிட்டு இதயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சகஸ்ரநாம மாமி ஒரு நாள் தோழியோடு என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டாக்டர் என்னடி சொன்னார்?"

"நடங்கோன்னார்."

"எவ்ளோ நாழி? எப்போ?"

"அதெல்லாம் சொல்லலை. வெளில இன்னும் நாப்பது பேர் உக்காந்திண்டிருக்கா. அவரையும் குத்தம் சொல்லப்படாது."

மாமி பர்சிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். மாத்திரைகளுக்கு நேரே 1-0-1, சாப்பாட்டுக்குப் பின், முப்பது நாள் என்று தெளிவாக இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, கோணலாக, வாக்கிங் என்று ஒரே ஒரு சொல். எவ்வளவு, எப்போது, எந்த வேகத்தில், எந்தச் செருப்போடு, பையில் எதை வைத்துக்கொண்டு என்பது எதுவும் இல்லை. இந்தப் பூங்காவில் நான் பார்க்கும் ஒவ்வொரு கஷ்டமும் அந்த ஒற்றைச் சொல்லில் தொடங்கியது. இளைஞரின் இரண்டு நாள் ஓட்டமும், டைரிக்காரரின் மனமுறிவும், பெரியவரின் வெறுங்காலும், மளிகைக்கடைக்காரரின் மயக்கமும் அளவு சொல்லாமல் கொடுத்த மருந்தின் விளைவுகள்.

அளவு சொல்லிக் கொடுப்பது புதிய யோசனையும் இல்லை. சுஸ்ருத சம்ஹிதை இந்த நோய்க்கு வைத்தியம் சொல்லுமிடத்தில், பொருள் வசதி இல்லாதவனை நூறு யோசனை தூரம் நடக்கச் சொல்கிறது, கிணறு வெட்டச் சொல்கிறது. இந்தச் சென்னை நகரத்தில்தான் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948ல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று நாட்டின் முதல் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். இங்கிருந்துதான் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்றாண்டு பின்தொடர்ந்து, உணவையும் நடையையும் சீராக்கியவர்களில் நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்ததை 2006ல் உலகுக்குக் காட்டினார்கள். மாத்திரை கொடுத்த பிரிவில் கிடைத்த பலன் 26.4 சதவீதம். நடைக்கு மாத்திரைக்கு நிகரான இடம் உண்டு என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் ஆதாரம் தேட வேண்டியதில்லை. தமிழக அரசும் 2023 நவம்பரில் எட்டு கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வழியாக மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்த மாத்திரையோடு நடைக்கும் ஒரு சீட்டு வந்தால் வாட்ச்மேனுக்கும் போய்ச் சேரும்.

அதுவரை கேட்டு வாங்குவது நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை டாக்டர் நடங்க என்று சொல்லும்போது எழுந்துவிடாதீர்கள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தாலும் இரண்டு நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். எவ்வளவு நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, நான் சாப்பிடும் மாத்திரையில் சர்க்கரை இறங்கிப்போகுமா, என் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா, என் கண்ணும் இதயமும் எதற்குத் தாங்கும் என்று கேட்டு, அதை மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நாளைக் காலை கிளம்பும்போது சட்டைப் பையிலோ பர்சிலோ ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். உங்களுக்குத் தேவைப்படாவிட்டால் பக்கத்தில் நடப்பவருக்குத் தேவைப்படும்.